மதாமுக்கு ஊற்றிய நல்ல எண்ணெய்

கருவடிக்குப்பம், புதுச்சேரி
14.8.1983

கடல் கடந்து வாழும் கண்மணி, என் அக்காள் பெற்ற ஒரே மகள் தனக்கொடிக்கு, கருவடிக்குப்பம் விறகுத் தொட்டியின் மன்னர் மன்னனும் சவுக்குக் கட்டைகளின் காவலனுமாகிய உன் தாய்மாமன் பாவாடை எழுதிக்கொள்வது. நான், உன் அத்தை ராஜாம்பாள், உன் அப்பா மூவரும் இங்கே சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை இராமதாஸும் பனியில் விறைத்துப் போகாமல் இருக்கிறீர்களா? ஆகஸ்டில் பனி ஏது மாமா என்று எழுதாதே. பிரான்சில் வருஷம் முழுக்கப் பனி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்று.

நீங்கள் அனுப்பிய விறகு பிளக்கும் இயந்திரம் வந்து சேர்ந்தது. சென்னைத் துறைமுகத்தில் அதை இறக்கியதும் கப்பல் பெருமூச்சு விட்டு ஒரு முழம் மேலே எழும்பியதாம். லாரி பிள்ளைச்சாவடியைக் கடக்கையில் பாரம் தாங்காமல் ரோடு சாய்ந்து, கடல் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாம். லாரிக்காரன் இதையெல்லாம் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பெட்டியை உடைத்தால் உள்ளே சிவப்புச் சாயம் பூசி, இரண்டு சக்கரம் வைத்து, ஒரு கோடியில் இரும்பு ஆப்பும் மறுகோடியில் கட்டையைத் தள்ளுகிற கையும், முதுகில் ஒரு குட்டி எஞ்சினுமாக நிற்கிறது. உன் அத்தை சுற்றி வந்து பார்த்தாள். "இன்னாங்க இது, தையல் மிஷினுக்கும் பீரங்கிக்கும் பொறந்தது மாதிரி இருக்குது?" என்றாள். நான் அதற்கு மதாம் என்று பெயர் சூட்டிவிட்டேன். சிவப்பு உடம்பு, ஒய்யார நிற்பு, மேலே ஒட்டியிருக்கும் காகிதம் முழுக்கப் பிரெஞ்சு. இந்த வெள்ளைக்காரத் துரைசானிக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

உன் அப்பாவிடம் நாம் பேசி வைத்தபடியே சொன்னேன்.

"மாமா, எனக்கு இடுப்பு முடியல. தனக்கொடி எனக்காவ அனுப்பியிருக்குது."

"ஏன்டா மச்சான், நீ கோடாலியத் தொட்டதே ஆயுத பூசைக்குப் பொட்டு வெக்கத்தான். உனக்கு எங்கடா இடுப்பு வலி?"

அவர் கேட்பது நியாயம். இத்தனை வருஷமும் அவர் பிளப்பார், நான் அளப்பேன். தராசிலும் அளப்பேன், வாயாலும் அளப்பேன். ஆனால் குடலிறக்கம், இனிக் கோடாலி தூக்கினால் ஆபத்து, ஆபரேஷன் செய்துகொள் என்று டாக்டர் அவரிடம் சொன்னதை உனக்கு எழுதியவன் நான்தான் என்று தெரிந்தால் என்னைத்தான் முதலில் பிளப்பார். "கோடாலிய நான் கீழ வெக்கிற அன்னிக்கு என்னைத் தூக்கறதுக்கு நாலு பேர் வந்து நிப்பாங்க" என்று நேற்றும் மார் தட்டினார். ஆகவே மதாம் என் சோம்பலுக்காகவே வந்தவள். அந்தப் பழியை நான் கிரீடமாகச் சூடிக்கொண்டேன்.

ஒரு கட்டளை. எஞ்சினை எப்படி ஓட்டுவது என்று உடனே எழுது. போன கடிதம் மாதிரி பாதி பிரெஞ்சும் பாதி இங்கிலீஷுமாக எழுதாதே. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மூன்றே சொல். பொன்ழூர், மெர்சி; மூன்றாவதைச் சபையில் சொல்லக் கூடாது. சுத்தத் தமிழில் எழுது.

மாப்பிள்ளையின் முட்டி வலி எப்படி? வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஆசியுடன்,
பாவாடைச் சக்கரவர்த்தி


மர்செய்
30.8.1983

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும், தனக்கொடி வணங்கி எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். முட்டி வலி குறைந்திருக்கிறது. உங்கள் மானத்துக்காகச் சொல்கிறேன்: இங்கே பனி கொட்டுகிறது. வியர்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

சுத்தத் தமிழ் கேட்டீர்கள். உங்கள் மாப்பிள்ளை சொல்லச் சொல்ல யோசித்து யோசித்து எழுதுகிறேன். அந்த இயந்திரம் இவர் வேலை பார்க்கும் மேரியில் (மன்னியுங்கள், நகராட்சியில்) பூங்கா மரங்களுக்கு வைத்திருந்தது. பழசென்று கழித்தபோது இவர் வாங்கிப் பழுது பார்த்தார். கட்டையைத் தள்ளுகிற உருளைக்கு வேண்டியதை இங்கேயே நிரப்பி மூடிவிட்டார். அதைத் திறக்கவே வேண்டாம். எஞ்சின் மட்டும் காலியாக வருகிறது. மேலே உள்ள தொட்டியில் பெட்ரோல் ஊற்றுங்கள். அதற்குத் தமிழ் எனக்கு அகப்படவில்லை. எஞ்சினின் அடிவயிற்றில், பக்கத்திலுள்ள மூடியைத் திறந்து, நல்ல எண்ணெய் ஊற்றுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள் மாமா. கலப்படம் வேண்டாம். நல்ல எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் செத்துவிடும். பிறகு கயிற்றைப் பிடித்து விசுக்கென்று இழுத்தால் கிளம்பும்.

அப்பா கோடாலியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி எல்லாம் எனக்கு அதே நினைப்பு. அம்மா இருந்திருந்தால் ஒரு முறைப்பில் நிறுத்தியிருப்பாள். எனக்கு இங்கிருந்து முறைக்க முடியவில்லை. அதனால்தான் இரும்பில் ஒன்றை அனுப்பினேன்.

அத்தைக்கு என் முத்தம்.
தனக்கொடி


கருவடிக்குப்பம்
18.9.1983

மருமகளே, வெற்றி! முரசு கொட்டச் சொல்! மாப்பிள்ளையின் முட்டிக்கும் உன் சமையலுக்கும் என் விசாரிப்பு. இங்கே எல்லோரும் நலம். நலம் என்பதற்கு மேலே ஒரு சொல் இருந்தால் அதுவும்.

மதாம் கிளம்பினாள். கயிற்றை நான் இழுத்த இழுப்பில் எதிர்வீட்டுக் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கை காரைக்காலுக்கே போய்விட்டது. அவள் தள்ளிய தள்ளில் சவுக்குக் கட்டை இரண்டானது பெரிதில்லை, முந்தின நாள் பிளந்தவைகூட மரியாதைக்கு இன்னொரு தரம் பிளந்துகொண்டன. எண்ணெய் விஷயத்தில் நீ சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தேன். முதல் தரம், கண் முன்னே வாங்கியது. அதனால்தானோ என்னவோ, மதாம் ஓடினால் தெரு முழுக்கப் பலகாரம் சுடுகிற வாசனை. பக்கத்து வீட்டு ஆயம்மா தட்டோடு வந்து நின்று, "யார் வீட்டுல விசேசம்?" என்று கேட்டுப் போனாள்.

உன் அப்பா? மூலையில் உட்கார்ந்து கோடாலியைத் தீட்டுகிறார். தீட்டித் தீட்டி அதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம் என்கிற நிலைமை.

"இந்தச் சனியன் எத்தினி நாளைக்கு ஓடும்னு பாக்கறேன்" என்கிறார்.

"பொறாமை மாமா, பொறாமை."

"பொறாமையா? இதுமேலயா? பெட்ரோல் குடிச்சாத்தான் வேலை செய்யும். எனக்கு ஒரு சொம்பு கூழு போதும்டா."

வாயால்தான் வெட்டுகிறார். கோடாலியால் இல்லை. நீ இனித் தூங்கலாம்.

இங்ஙனம்,
மதாமின் திவான்,
மாமா


மர்செய்
6.10.1983

அன்புள்ள மாமா, அத்தை இருவருக்கும் வணக்கம். நாங்கள் நலம். உங்கள் நலம் கடிதத்திலேயே குதிக்கிறது.

படித்ததும் இவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். நன்றாகத் தூங்குகிறேன். பலகார வாசனையை மட்டும் இவர் நம்பவில்லை. "உன் மாமா அளக்கிறதுல ஒரு பங்கு கழிச்சாலும் பாக்கி ஒரு ஊருக்கு ஆவும்" என்கிறார். மழைக்காலம் வருகிறது, இயந்திரத்தை மூடி வையுங்கள். அப்பாவுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன். அதையும் உங்களுக்கென்றே சொல்லிக் கொடுங்கள்.

தனக்கொடி


கருவடிக்குப்பம்
20.11.1983

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதுவது. அனைவரும் க்ஷேமம். இங்கே மழையோ மழை. எங்கள் தெருவில் மீன் பிடிக்க வலைக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். சட்டை வந்தது. உன் அப்பா அதைப் போட்டுக்கொண்டு, "மச்சான், உன் சட்டைய நான் போட்டுப் பழக்கித் தரேன்" என்று கழற்றவே இல்லை.

பதில் தாமதமானதற்கு மழையே காரணம். வேறு காரணம் இல்லை. இருக்கிறதென்று நினைக்காதே.

பிள்ளைச்சாவடியில் எனக்கொரு நண்பன். பெயர் எதற்கு? அவனிடம் ஒரு குட்டி எஞ்சின். மழைக்கு மூடி வைத்தானாம். பிறகு எடுத்துக் கயிற்றை இழுத்தால் கயிறு வரவில்லையாம். சுவரில் அடித்த ஆணியை இழுப்பதுபோல் இருக்கிறதாம். சக்கரமும் அசையவில்லையாம். பாவம், குழந்தை குட்டிக்காரன், ராத்தூக்கம் இல்லாமல் தவிக்கிறான். மாப்பிள்ளையிடம் கேட்டு இரண்டு வரி எழுதினால் அந்த நண்பன் உன்னைத் தெய்வமாகக் கும்பிடுவான். அவசரம் ஒன்றுமில்லை. விமானத் தபாலில் எழுதினால் போதும்.

மாமா


மர்செய்
4.12.1983

அன்புள்ள மாமா, வணக்கம். நாங்கள் நலம். உங்கள் பிள்ளைச்சாவடி நண்பர் நலமா? கருவடிக்குப்பத்தில் விறகுத் தொட்டி வைத்திருக்கிறாரே, சிவப்பு எஞ்சின்காரர், அவரைத்தான் கேட்கிறேன்.

எனக்குக் கோபம் இல்லை. பயம்தான். அப்பா பிளக்கிறாரா? அதை மட்டும் முதலில் எழுதுங்கள்.

இவர் சொல்வது: கயிற்றை வலுவாக இழுக்காதீர்கள், எதையும் சுத்தியலால் அடிக்காதீர்கள், உள்ளே முறிந்துவிடும். மழை மட்டும் இப்படிச் செய்யாது என்கிறார். அடிவயிற்றில் ஊற்றியது எந்த எண்ணெய்? டப்பாவில் போட்டிருக்கும் பெயரை அப்படியே எழுதுங்கள்.

தனக்கொடி


கருவடிக்குப்பம்
22.12.1983

தாயே, தனக்கொடி, உன் காலில் விழ வேண்டியவன் உன் தாய்மாமன் என்பதால் மனத்தளவில் விழுந்து எழுதுகிறேன். எல்லோரும் சுகம், மதாமைத் தவிர.

டப்பாவில் பெயர் கேட்டாய். டப்பா ஏது? தூக்குவாளி. பெயர் என்ன பெயர்? நீதானே எழுதினாய், நல்ல எண்ணெய் ஊற்று, கலப்படம் வேண்டாம், சிக்கனம் பார்க்காதே என்று. நம் ஊரில் நல்ல எண்ணெய் என்றால் நல்லெண்ணெய்தானே! செக்கடியில் நின்று, எள்ளை நானே வாயில் போட்டு மென்று பார்த்து, ஆட்டி வாங்கி வந்து, உன் அத்தை தீபாவளிக்கு ஒளித்து வைத்திருந்ததையும் சேர்த்து ஊற்றினேன். தீபாவளியன்று அவள் எண்ணெய்ச் சட்டியைத் தேடினாள். "எண்ணெ எங்கங்க?" "மதாம் தேய்ச்சிக் குளிச்சிட்டா" என்றேன். அன்று எனக்குக் கிடைத்த தீபாவளியை எழுத இந்தத் தாள் தாங்காது.

இப்போது மூடியைத் திறந்து விரலை விட்டேன். எண்ணெய் இல்லை, அல்வா. காய்ந்த பலாப்பிசின் மாதிரி இழுக்கிறது. மெக்கானிக் அம்மாவாசையைக் கூட்டி வந்து காட்டினேன். "எஞ்சின் சீஸ் ஆயிட்டுது, இறுகிப்போச்சி" என்றான். பிரெஞ்சு எஞ்சின் சீஸ் ஆவதில் என்ன அதிசயம் என்றேன். அவன் சிரிக்கவில்லை. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வயலில் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் ஒன்றை இதன் முதுகில் ஏற்றலாம் என்று கொண்டு வந்தான். ஏற்றிப் பார்த்தோம். மதாம் யானையைச் சுமந்த ஆட்டுக்குட்டி மாதிரி முன்னங்கால் மடங்கிக் குப்புற விழுந்தாள். போல்ட் ஓட்டையும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. ஆக, புது எஞ்சின் ஆகாது. இருப்பதைத்தான் உயிர்ப்பிக்க வேண்டும்.

நீ முதலில் கேட்டதைக் கடைசியில் எழுதுகிறேன். ஆமாம், பிளக்கிறார். மதாம் நின்ற அன்று உன் அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், புது மாப்பிள்ளை தோற்றான். கோடாலியை அரிசிக் குதிரில் ஒளித்தேன். கண்டுபிடித்தார். கூரையில் செருகினேன். கண்டுபிடித்தார். உன் அத்தையின் பாய்க்குள் சுருட்டி வைத்தேன்; அத்தை அதன்மேல் உட்கார்ந்துவிட்டு என்னைக் கண்டுபிடித்தாள். சவுக்குச் சிம்பு மாதிரி லேசானதை மட்டும் அவர் முன்னால் போடுகிறேன். ஆனால் ரொட்டிக்கடை அடுப்புக்கென்று ஒரு புளியமரத்து அடிமரம் வந்து கிடக்கிறது. கல் மாதிரி. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். அதில் முனி இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் வழி கேட்டுச் சீக்கிரம் எழுது.

உன் அறிவுகெட்ட, அன்பு மிகுந்த,
மாமா


மர்செய்
7.1.1984

அன்புள்ள மாமாவுக்கு. நலம், நலமறிய ஆவல்.

இவர் தரையில் புரண்டு சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன். தப்பு என்னுடையது. உங்களுக்குப் பயந்து ஆயில் என்று எழுதாமல் எண்ணெய் என்று எழுதினேன். இனி என்னைச் சுத்தத் தமிழ் எழுதச் சொல்லாதீர்கள். ஆயில். என்ஜின் ஆயில். கடையில் கேட்டு வாங்குகிற ஆயில்.

வழி இது. மேலே இருக்கிற பிளக்கைக் கழற்றுங்கள். அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் விட்டு ஊற விடுங்கள். அடிவயிற்றில் இருப்பதை வழித்தெடுத்துவிட்டு அங்கேயும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுங்கள். தினமும் பக்கத்துச் சக்கரத்தின் நடு நட்டில் ஸ்பானரைப் போட்டு, முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், குழந்தைக்குப் பல் ஆடுகிறதா என்று பார்ப்பதுபோல் அசைத்துப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள், மறுநாள் பாருங்கள். பிசின்தான் என்றால் இளகிவிடும். பொறுமை வேண்டும் என்கிறார். உங்களுக்குப் பொறுமை உண்டா என்று கேட்கிறார். உண்டு என்று சொல்லியிருக்கிறேன்.

அதுவரை அந்த அடிமரத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் மாமா. முனி கதைக்கெல்லாம் அப்பா பயப்பட மாட்டார்.

தனக்கொடி


கருவடிக்குப்பம்
2.2.1984

அன்புள்ள தனக்கொடிக்கு மாமா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழை இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். அத்தை விசாரித்தாள். வேறு விசேஷம் இல்லை.

பாவாடை


மர்செய்
15.2.1984

மாமா,

உங்கள் கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

யானை எங்கே? காக்கை எங்கே? "பாவாடை" என்று வெறும் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நான் பிறந்ததிலிருந்து நீங்கள் சக்கரவர்த்தி, திவான், ஜமீன்தார். வெறும் பாவாடையை எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு என்ன ஆயிற்று? உண்மையை எழுதுங்கள். எப்படிப்பட்ட உண்மையாக இருந்தாலும். நீங்கள் எழுதாவிட்டால் நான் கிளம்பி வருகிறேன்.

தனக்கொடி


கருவடிக்குப்பம்
1.3.1984

கண்ணே, தனக்கொடி,

முதலில் இதைப் படி: உன் அப்பா வீட்டில் இருக்கிறார். இப்போது கஞ்சி குடித்துவிட்டு, உப்பு குறைவென்று உன் அத்தையைத் திட்டிக்கொண்டிருக்கிறார். காதால் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். இனி மேலே படி.

ஜனவரியில் நீ வழி எழுதிய கடிதம் வந்த அன்று மதாமுக்கு மண்ணெண்ணெய் வாங்கக் கியூவில் நிற்கப் போனேன். நான் இல்லாத நேரம் பார்த்து அவர் அந்தப் புளிய அடிமரத்தில் கை வைத்துவிட்டார். திரும்பி வந்தால், கோடாலி மரத்தில் பாதி இறங்கி நிற்கிறது. உன் அப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்து அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் ரத்தம் இல்லை. "சொம்மா உக்காந்துகினு இருக்கேன்டா" என்றார். இறங்கிய குடல் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டது. விறகு இழுக்கிற வண்டியில் சாக்கைப் போட்டுப் படுக்க வைத்து, உன் அத்தை பின்னால் தள்ள, நான் முன்னால் இழுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். எவ்வளவு வேகமாக ஓடினேன் என்று அளக்க எனக்குத் தோன்றவில்லை.

வழியெல்லாம் ஒரே பேச்சு. "தனக்கொடிக்கு எழுதாத. பயந்துக்கும். எழுதினா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

"எழுதல மாமா. பேசாத படு."

"சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அன்றே ஆபரேஷன் செய்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். மீதியைச் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எழுதியதுதான் அந்தக் கடிதம். உன் அப்பா தலையில் சத்தியம் செய்த கையால் உண்மையை எழுத முடியவில்லை; அந்த நேரத்தில் வழக்கமாக அளக்கிற பொய்யும் வரவில்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், ஆகவே சத்தியம் காலாவதி என்று நானே தீர்ப்பு வழங்கி எழுதுகிறேன்.

இன்னொன்று. தினம் விடியலில் ஆஸ்பத்திரிக்குச் சோறு எடுத்துப் போகுமுன் மதாமின் நட்டில் ஸ்பானரைப் போட்டு அசைத்துப் பார்ப்பேன். மாப்பிள்ளை சொன்னபடி, பல் ஆடுகிறதா என்று. ஆடவில்லை. ஆடவில்லை. ஒரு நாள் ஓர் அரிசி நீளம் அசைந்தது. நான் தெருவில் குதித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய், வேறு பேச்சு இல்லாததால், உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தலையை என் பக்கம் திருப்பி, "எந்தப் பக்கம் திரும்புச்சி?" என்றார்.

மதாமைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அன்றிலிருந்து தினமும் நான் போனதும், "இன்னிக்கு எவ்ளோ?" என்பார். பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு ஏதோ பெரிய வயல் கைமாறுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

நீ கிளம்பி வராதே. வந்தால் நான் எழுதியது தெரிந்துவிடும். உடம்பைப் பார்த்துக்கொள். அழாதே. அழுதால் மாப்பிள்ளையின் சட்டையில் துடைத்துக்கொள்.

உன் மாமா,
விறகு வண்டி இழுப்பதில் மன்னன்


கருவடிக்குப்பம்
27.3.1984

அட்லாண்டிக்கோ எந்தக் கடலோ, அதைக் கடந்து வாழும் என் மருமகள் தனக்கொடிக்குச் சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும். உன் பதில் வருமுன்னே அடுத்ததை எழுதுகிறேன். பதிலுக்குக் காத்திருக்கிற பொறுமையை எல்லாம் மதாமிடம் செலவழித்துவிட்டேன். உன் அத்தை சுகம். எனக்கு உள்ளங்கை மட்டும் சுகமில்லை. காரணம் கீழே.

மதாமின் சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது. அல்வாவை எல்லாம் வழித்துக் கழுவி, கடைக்குப் போய் "ஆயில்" என்று தொண்டை கிழியக் கேட்டு வாங்கி வந்தேன். உன் அத்தை டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இத தலைக்குத் தேய்க்க முடியாது, நம்பி ஊத்துங்க" என்றாள். ஊற்றினேன். பிளக்கை மாட்டினேன். கயிற்றை இழுத்தேன். கயிற்றின் கைப்பிடி, வெயிலிலும் மழையிலும் இற்றுப்போன அந்தப் பிளாஸ்டிக், கையோடு நொறுங்கிப் போய், நான் பறந்தேன் பார்! சவுக்குக் குவியலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, லாசுப்பேட்டையில் போய் விழுந்தேன். சரி, குவியலின்மேலேயே விழுந்தேன்.

வெறும் கயிற்றை இழுத்தால் கை அறுகிறது. துணி சுற்றினேன், வழுக்கியது. உன் அத்தையின் பூரிக்கட்டையைக் கட்டினேன், பூரிக்கட்டையும் போயிற்று, அன்றைய பூரியும் போயிற்று. இரண்டு நாள் உள்ளங்கையில் மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் அப்பா இடுப்புப் பெல்ட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றுக் காலை தொட்டியில் ரம்பம் அறுக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கோடாலியின் தலையைத் தட்டிக் கழற்றிக் கீழே வைத்திருக்கிறார். காம்பை மடியில் வைத்து அறுத்துக்கொண்டிருக்கிறார்.

"மாமா! அது கோடாலிக் காம்பு."

"கண்ணு தெரியுதுடா எனக்கு."

"தொட்டியில இத்தினி கட்டை கெடக்குதே, வேற எடுக்கறதுதானே?"

"எந்தக் கட்டை? சவுக்கு உரியும். புளி சிலாம்பு ஏறும். இது என் கையில இருந்து வழவழன்னு ஆனது. கை கிழிக்காது. நவுரு, வெளிச்சம் மறைக்காத."

ஒரு சாண் அறுத்தார். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி நடுவில் ஓட்டை போட்டார். கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டு, தானே இரண்டு தரம் பிடித்துப் பார்த்தார். "இழுக்காத மாமா" என்று கத்தினேன். "இழுக்கலடா, பிடிச்சிப் பாக்கறேன்" என்றார். பிறகு என்னிடம் கொடுத்து, "இழு" என்றார்.

இழுத்தேன். மதாம் இருமினாள். மறுபடி இழுத்தேன். கரும்புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பினாள். இந்த இடத்தில் உனக்காக ஒரு பெரிய பொய் வைத்திருந்தேன், வானத்திலிருந்து பூ விழுந்ததாக. வேண்டாம், விட்டுவிடுகிறேன். கோடாலி இறங்கிய வாயோடு கிடந்த அந்தப் புளிய அடிமரத்தை நானும் உன் அத்தையும் உருட்டி மதாமின் மேல் ஏற்றினோம். உன் அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தள்ளுகிற கையின் நெம்புகோலைப் பிடித்தார். "தனக்கொடி எனக்குத்தானே மாமா அனுப்பினா?" என்று சீண்டினேன். "உனக்கு இடுப்பு வலியாச்சே, நீ போய்ப் படு" என்றார். அடிமரம் முனகி, நெறிந்து, இரண்டாக விழுந்தது. உள்ளே முனி இல்லை.

காம்பில் மீந்தது முழங்கை நீளம். அதில் இனி ஒருவரும் கோடாலி மாட்ட முடியாது. கோடாலித் தலை மதாமின் சக்கரம் உருளாமல் முட்டுக்கொடுக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவரிடம் போய், "மாமா, தனக்கொடிக்குக் கடுதாசி எழுதறேன், இன்னா சேதி சொல்லணும்?" என்று கேட்டேன். அவர் எஞ்சின் பக்கம் காட்டி, காதைக் காட்டி, "ஒண்ணும் கேக்கல, அப்பால வா!" என்று கத்தினார். சாப்பிட்டு முடித்து அப்பாலும் போனேன். மறுபடி, "அப்பால வா!"

ஆகையால் அவர் சேதி இதில் இல்லை, மருமகளே. உன் அப்பா வேலையாக இருக்கிறார்.

இப்படிக்கு,
பாவாடைச் சக்கரவர்த்தி